ஏச்சும் தூஷணமும்: அறுகம் குடாவில் நான் படித்த ஆங்கிலம்

கிழக்கிலங்கையின் அறுகம் குடாவில் அலைச்சறுக்குப் பருவம் ஏப்ரலில் தொடங்கி ஒக்டோபரோடு அடங்கும். அந்த ஆறேழு மாத வேலைக்காக, மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று பஸ் மாறிப் போய், ஒரு விருந்தினர் விடுதியின் வரவேற்பு மேசையில் நான் முதன்முதலாக உட்கார்ந்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு நல்ல பெறுபேறு இருந்தது. காலம் பிசகாமல் வினைச்சொல்லைப் போட்டுப் பேச வரும். ஆகவே ஆங்கிலம் தெரியும் என்றே எண்ணியிருந்தேன். இரண்டாவது கிழமையே அந்த எண்ணத்தில் ஓட்டை விழுந்தது.

கடலில் இருந்து பலகையோடு திரும்பிய அவுஸ்திரேலிய இளைஞர் ஒருவர், என் வீடு எங்கே என்று கேட்டார். வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஊர் என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா நண்டுக்கறி சமைப்பார் என்றும் சொன்னேன். அவர் என் தோளில் தட்டி, ‘யூ லக்கி பாஸ்டர்ட்’ என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடி போய்விட்டார். ‘லக்கி’ என்ற சொல் என் காதில் விழவே இல்லை. அம்மாவைப் பற்றிச் சொல்லி வாய் மூடும் முன்பே அந்த மற்றச் சொல் வந்ததனால், அவர் அம்மாவைத்தான் இழுத்துப் பேசிவிட்டார் என்று உடம்பு கொதித்தது. சமையலறைக்குப் போய் நின்றேன். அங்கே பல வருடம் வேலை செய்த அண்ணன், “என்ன தம்பி, முகம் கறுத்துப் போய்க் கிடக்கு?” என்று கேட்டார். சொன்னேன். அவர் மீன் வெட்டுவதை நிறுத்தாமலே, “அவன் உன்னைத் தன்ர கூட்டாளியா எடுத்திட்டான் தம்பி. கோவம் வந்தா அவனுகள் மிஸ்டர் எண்டுதான் சொல்லுவானுகள்” என்றார். நான் நம்பவில்லை. மூன்று நாள் அந்த விருந்தாளியோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். தான் ஏதும் தவறு செய்துவிட்டேனா என்று அவர் முதலாளியிடம் போய்க் கேட்கும்வரை அது நீடித்தது.

அகராதி எனக்குச் சொல்லியிருந்தது முதற்பொருளை மட்டுமே: திருமண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளை. ஆங்கிலேயச் சட்டத்தில் அப்படிப் பிறந்தவருக்கு வாரிசுரிமை மறுக்கப்பட்டிருந்த காலத்தில் அது கனமான சொல்லாகவே இருந்தது. அவுஸ்திரேலியாவில் இன்று அதே சொல், முன்னால் வரும் பெயரடையைப் பொறுத்துப் பொறாமையாகவும் இரக்கமாகவும் நட்பாகவும் மாறிவிடும். அடை எதுவுமின்றிக் குரலை இறுக்கிச் சொன்னால் அப்போதும் ஏச்சுத்தான். பிரித்தானியாவில் ஒலிபரப்பு, ஒளிபரப்பு ஆகியவற்றைக் கண்காணிக்கும் ஒஃப்கொம் அமைப்பு, 2016இல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டுத் தகாத சொற்களை நான்கு படிகளாகப் பிரித்தபோது, இச்சொல்லை மூன்றாம் படியான கடுஞ்சொற்களில் வைத்தது. ஒரு சொல்லைப் படிக்கும்போது அதன் பொருளோடு அதன் எடையையும் படிக்க வேண்டும் என்பதும், அந்த எடை நாட்டுக்கு நாடு மாறும் என்பதும் அந்த மூன்று நாள் கோபத்தில் எனக்குக் கிடைத்தவை.

அடுத்த தவறு எதிர்ப்பக்கத்தில் நிகழ்ந்தது. அது என்னுடைய தவறு. அலைச்சறுக்கு இளைஞர்கள் ‘எஃப்’ எழுத்தில் தொடங்கும் அந்தச் சொல்லை, நாம் கறிக்கு உப்புப் போடுவதைப் போல ஒவ்வொரு வாக்கியத்திலும் போடுவார்கள். அலை நன்றாக இருந்தாலும் அதே சொல், அலை இல்லாவிட்டாலும் அதே சொல். இரண்டு மாதத்தில் என் வாயிலும் அது குடியேறிவிட்டது. ஒரு காலையில் இங்கிலாந்திலிருந்து வந்திருந்த வயது முதிர்ந்த தம்பதியினர் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல, தண்ணீர் இறைக்கும் மோட்டார் பழுதாகிவிட்டது என்பதை அந்தச் சொல்லையும் சேர்த்து, மிகுந்த பணிவோடு, கைகளைக் கட்டியபடி விளக்கினேன். அந்த அம்மையார் கையிலிருந்த துவாயை மடித்து மேசையில் வைத்துவிட்டு அறைக்குத் திரும்பினார். கணவர், ‘ஐ பெக் யுவர் பார்டன்’ என்றார். அந்த அதட்டலை மன்னிப்புக் கேட்பது என்று நினைத்து, ‘நோ புறொப்ளம் சேர்’ என்று பெருந்தன்மையோடு சொன்னேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சுடுகிறது.

அந்தச் சொல்லின் முதற்பொருள் உடலுறவு என்பது எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் நாக்கு ஏன் கூசவில்லை என்பதுதான் யோசிக்க வேண்டிய விடயம். எங்கள் ஊரில் ஏச்சு வேறு, தூஷணம் வேறு. ஏச்சு அம்மா வாயிலிருந்தும் ஆசிரியர் வாயிலிருந்தும் வரலாம். தூஷணம் கதைப்பவனைத் திண்ணையில் இருத்த மாட்டார்கள். தமிழ்த் தூஷணம் ஒன்றை இன்றைக்கும் என்னால் பெரியவர் முன்னிலையில் உச்சரிக்க முடியாது. சிறுவயதில் வாங்கிய அடியும் பயமும் அந்தச் சொற்களோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆங்கிலச் சொல்லோடு அப்படி எதுவும் ஒட்டியிருக்கவில்லை. துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னர் ஆங்கிலம் கற்றவர்களின் விரல்களில் மின்முனை பொருத்தி, தோலில் ஏற்படும் மாற்றத்தை அளந்த ஆய்வொன்று 2003இல் வெளியானது. தகாத சொற்களும், குழந்தைகளை அதட்டும் சொற்களும் தாய்மொழியில் கேட்கப்பட்டபோது உடல் கூடுதலாக அதிர்ந்தது என்று அது காட்டியது. ஆகவே பிறமொழித் தூஷணம் நம் வாயில் பாரமற்று இருப்பதை வைத்து, கேட்பவர் காதிலும் அது பாரமற்றே விழும் என்று கணக்குப் போடக்கூடாது. ஒஃப்கொம் பட்டியலில் அந்தச் சொல் உச்சப் படியில் இருக்கிறது. பிரித்தானியத் தொலைக்காட்சியில் இரவு 9 மணிக்கு முன்னர் அதற்கு இடமில்லை.

இந்த அனுபவத்துக்குப் பின்னர் ஒரு குறிப்புக் கொப்பி போட்டேன். சொல், சொன்னவர் யார், யாரிடம் சொன்னார், கேட்டவர் முகம் எப்படி மாறியது என்று நான்கு கட்டம். பொருளுக்குக் கட்டம் போடவில்லை. அதற்கு அகராதி இருக்கிறது.

அந்தக் கொப்பியின் முதற் பக்கத்தில் உள்ளது ‘ராஸ்கல்’. நமக்கு அது பெரிய ஏச்சு. பாடசாலையில் அதிபர் அந்தச் சொல்லை எடுத்தால் பிரம்பும் கூடவே வரும். ஆனால் விடுதிக்கு வந்த ஓர் ஆங்கிலேயப் பாட்டி, மேசைக்கு அடியில் ஒளிந்த தன் பேரனைப் பிடித்திழுத்து, ‘யூ லிற்றில் ராஸ்கல்’ என்று கொஞ்சினார். அறை துப்புரவு செய்யும் அக்கா திகைத்துப்போய், “பேரப்பிள்ளைய இப்பிடியுமா கா ஏசுவாங்க?” என்று என்னிடம் கேட்டார். ஆங்கிலத்தில் அது குறும்புக்காரப் பிள்ளையைக் கொஞ்சும் சொல்லாக எப்போதோ இளகிவிட்டது. ‘நொன்சென்ஸ்’ என்பதும் அப்படியே. ஆங்கிலத்தில் அது ஒரு பேச்சையோ செயலையோ பொருளற்றது என்று சொல்லும். நாமோ ‘அவன் ஒரு நொன்சென்ஸ்’ என்று ஆளுக்கே பட்டம் கட்டுகிறோம். துரைமாரும் அரச கச்சேரி அதிகாரிகளும் வகுப்பாசிரியர்களும் ஏசிய ஆங்கிலமே நமக்கு வழிவழியாக வந்த ஏச்சு ஆங்கிலம் என்பதால், அவர்கள் ஏசிய சொற்கள் நமக்குப் பாரமாகவும், அவர்கள் நம் முன்னால் வாய்விடாத சொற்கள் நமக்கு இலேசாகவும் ஆகிப்போயின என்பது என் அபிப்பிராயம்.

‘இடியட்’ என்பதை நம் வகுப்பறைகளில் வரவு எடுப்பதைப் போல் சாதாரணமாகச் சொல்வார்கள். கிரேக்கத்தில் அதன் மூலச் சொல்லுக்குப் பொதுக் காரியங்களில் ஈடுபடாத தனிமனிதன் என்றே பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மருத்துவச் சொல்லாகவே இருந்தது: நுண்ணறிவு ஈவு (ஐ.கியூ.) 25க்குக் கீழ் இருந்தால் இடியட், 26 முதல் 50 வரை இம்பெசில், 51 முதல் 70 வரை மோரன் என்று வகுத்தார்கள். இந்தக் கடைசிச் சொல்லை, மந்தமான என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1910இல் உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ஹென்றி கொடார்ட். மூன்றும் தெருவுக்கு வந்து ஏச்சாகிவிட, மருத்துவர்கள் ‘ரிற்றாடட்’ என்னும் சொல்லுக்கு மாறினார்கள், அதுவும் ஏச்சாகியது, 2010இல் அமெரிக்கா தன் கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்து அதை நீக்க ஒரு சட்டமே இயற்றியது. பிரித்தானியாவில் மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்காக இயங்கிய ‘ஸ்பாஸ்ரிக்ஸ் சொசைற்றி’ என்ற அமைப்பு, பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரையொருவர் கேலி செய்யத் தொடங்கியதால், 1994இல் ‘ஸ்கோப்’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. எங்கள் ஊரிலும் நொண்டி, செவிடன் என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்ட வாய்கள்தாம் இன்று கூட்டங்களில் மாற்றுத்திறனாளி என்று சொல்லப் பழகுகின்றன. ‘இடியட்’, ‘ஸ்ரூப்பிட்’ ஆகியவற்றைச் சக ஊழியரிடம் விளையாட்டுக்குக்கூடச் சொல்ல வேண்டாம் என்பேன். ‘ரிற்றாடட்’ என்பதை வாய்க்குள்ளேயே அனுமதிக்க வேண்டாம்.

‘ப்ளடி’ பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பிரித்தானியாவில் மென்மையான தகாச்சொல். அமெரிக்கருக்கு அது ஏச்சாகவே படாது. அவுஸ்திரேலியருக்கு அன்றாடச் சொல். அந்நாட்டுச் சுற்றுலாத் துறை 2006இல் ‘ப்ளடி ஹெல்’ என்னும் சொற்களை வைத்தே ஒரு விளம்பரம் தயாரித்தது. பிரித்தானியத் தொலைக்காட்சியில் அதற்கு முதலில் தடை விழுந்து பின்னர் தளர்த்தப்பட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இரு நாடுகளுக்குள்ளேயே இந்த இழுபறி என்றால் நாம் தடுமாறுவதில் வியப்பில்லை. இன்னொன்று ‘பகர்’. தமிழில் அதற்குச் ‘சொல்வாயாக’ என்று பொருள். இலங்கை ஆங்கிலத்தில் ‘ஆள்’, ‘பயல்’ என்பதற்குமேல் அதில் எதுவும் இல்லை. கொழும்பு அலுவலகங்களில் நண்பர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் குறிப்பிடுவார்கள். மூலமோ வேறு. மத்திய கால ஐரோப்பாவில் பல்கேரியப் பகுதியிலிருந்து வந்த மத மறுப்பாளர்களைக் குறித்த சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் புகுந்து, ஆண்களுக்கிடையிலான உடலுறவைப் பழிக்கும் சொல்லாயிற்று. வெளிநாட்டவரிடம் ‘தட் பகர் இஸ் மை கசின்’ என்று அறிமுகப்படுத்தாமல் இருப்பது நல்லது.

நாட்டுக்கு நாடு பொருளே மாறுபவையும் உண்டு. ‘ஃபக்’ என்பதுபோல் இவை பார்த்தவுடன் பயமுறுத்தாததால் ஆபத்து அதிகம். ‘பிஸ்ட்’ என்றால் பிரித்தானியருக்குக் குடிவெறி ஏறியவர், அமெரிக்கருக்குக் கோபமடைந்தவர். இரவுக் காவலாளி எழுதி வைக்கும் குறிப்பில் இந்த வேறுபாடு முக்கியம். ‘ஃபாக்’ பிரித்தானியப் பேச்சில் சிகரெட். அமெரிக்காவில் தன்பாலீர்ப்பு ஆண்களை இழிவுபடுத்தும் கடுஞ்சொல்.

தூஷணம் ஒன்றுகூட இல்லாமல் ஒருவரைப் புண்படுத்தலாம் என்பதை ‘யூ பீப்பிள்’ எனக்குக் கற்பித்தது. தமிழில் நீ, நீங்கள் என்று பிரிவு உண்டு. ஆங்கிலத்தில் ஒரே ‘யூ’. பலரை விளிக்கும்போது, ‘நீங்கள் எல்லாரும்’ என்பதற்காக ‘யூ பீப்பிள்’ என்று சொல்வது நம் வழக்கம். மரியாதையாகச் சொல்கிறோம் என்றே நினைப்போம். அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பத்தினரிடம், இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு வேண்டும் என்று அப்படிக் கேட்டுவிட்டேன். குடும்பத் தலைவர் கரண்டியைக் கீழே வைத்து, ‘வட் டூ யூ மீன்?’ என்றார். அவர்கள் நாட்டில் அது ‘உங்கள் இனத்தவர்’ என்று ஒதுக்கிப் பேசும் தொடர். 1992இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்ற றொஸ் பெரோ, கறுப்பின மக்களின் மாநாடு ஒன்றில் அதைச் சொல்லிப் பெரும் கண்டனத்துக்கு ஆளானார். நான் தமிழில் பன்மை மரியாதை எப்படி வரும் என்று விளக்கியபோது அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து, ‘ஓல் ஒஃப் யூ’ என்று சொல்லும்படி திருத்தினார். கேட்டவர் விளக்கம் கேட்டதால் அன்று விடயம் முடிந்தது. கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ.

நாம் கேட்கும் பக்கத்தில் இருக்கும்போதும் அதே கேள்வியைத்தான் பரிந்துரைக்கிறேன். ‘சொறி, வட் டூ யூ மீன் பை தட்?’ என்று குரலை உயர்த்தாமல் கேட்டால், நட்பாகச் சொன்னவர் விளக்குவார். இழிவாகச் சொன்னவர் ஒன்றில் பின்வாங்குவார், அல்லது இன்னும் உரக்கச் சொல்லித் தன்னைக் காட்டிக்கொடுப்பார். அப்படி ஒரு முறை நடந்தது. குடித்திருந்த விருந்தாளி ஒருவர், முச்சக்கர வண்டி ஓட்டும் எங்கள் தம்பியைக் கூலித் தகராறில் ‘மங்கி’ என்றார். குரங்கு அகராதியில் வெறும் மிருகம். கறுத்த தோலுள்ளவரைப் பார்த்துச் சொல்லும்போது அது இனவாதச் சொல். 2008 ஜனவரியில் சிட்னி டெஸ்ட் போட்டியில் இந்தியாவின் ஹர்பஜன் சிங், அவுஸ்திரேலியாவின் அன்ட்ரூ சைமண்ட்ஸை இச்சொல்லால் விளித்தார் என்ற குற்றச்சாட்டில் மூன்று போட்டித் தடை விதிக்கப்பட்டதும், தான் சொன்னது அதைப்போல் ஒலிக்கும் ஹிந்தி ஏச்சு என்று அவர் தரப்பு வாதிட்டதும், மேன்முறையீட்டில் தடை நீங்கி அபராதத்தோடு முடிந்ததும் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் விடுதியில் மேன்முறையீடு இருக்கவில்லை. என்ன சொன்னீர்கள் என்று நான் இருமுறை கேட்டேன். அவர் இருமுறையும் சொன்னார். நேரம், சொல், சாட்சி மூன்றையும் பதிவேட்டில் எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். மறுநாள் காலை அவர் அறையை விட வேண்டியிருந்தது. பதிலுக்கு ஒரு தூஷணம் நம் வாயிலிருந்து வந்திருந்தால், அந்தப் பதிவேட்டுக்கு மதிப்பு இருந்திருக்காது.

இப்போது கல்லடியில் மாலை வேளைகளில், பாசிக்குடா விடுதிகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். தகாத சொற்களுக்கென்று இரண்டு வகுப்பு ஒதுக்குவேன். பெற்றோர் சிலர் முதலில் முகம் சுளித்தார்கள். பாம்பைத் தெரியாமல் வயலில் இறங்க முடியாதே என்று சொன்னதும் விட்டுவிட்டார்கள். அந்தச் சொற்கள் காதுக்குத் தெரிய வேண்டும், வாய்க்குத் தேவையில்லை என்பதே வகுப்பின் ஒரே விதி. பாடும்போது, படத்தில் வந்தது என்று ஒப்பிக்கும்போதுகூட வேண்டாம். குறிப்பாகக் கறுப்பினத்தவரைக் குறிக்கும் ‘என்’ (N) எழுத்தில் தொடங்கும் சொல்லை அவர்கள் தமக்குள் சொல்லிக்கொள்வதைக் கேட்டு நாமும் சொல்லலாம் என்று நினைக்க வேண்டாம்.

‘காப்பிரி’ (ஆங்கிலத்தில் ‘கஃபிர்’) பற்றி நிற்காமல் போக முடியாது. மட்டக்களப்பில் பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் வயலின் இசைக்கு ஆடும் கப்ரிஞ்ஞா ஆட்டத்தின் பெயர் அந்தச் சொல்லோடு உறவுடையது. போர்த்துக்கேயர் காலம் தொட்டு ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் புத்தளம் சிறாம்பியடியில் இன்றும் அந்தப் பெயராலேயே அறியப்படுகின்றனர். அரபியில் அதன் மூலச் சொல்லுக்கு இறைமறுப்பாளர் என்று பொருள். தென்னாபிரிக்காவிலோ அது கறுப்பின மக்களை மிதித்த சொல். அதைக் காவலர்களை நோக்கிப் பலமுறை சொன்ன ஒரு பெண்ணுக்கு 2018இல் நீதிமன்றம் சிறைத்தண்டனையே விதித்தது. இது தெரியாமல், கேப் டவுனிலிருந்து வந்த கறுப்பினத் தம்பதியினருக்கு எங்கள் ஊர் ஆட்டத்தின் பெருமையை அந்த ஆங்கிலச் சொல்லோடு விளக்கியவன் நான். அந்தப் பெண் எழுந்து நின்றார். வரலாற்றைச் சொல்லி முடித்தபின் அமர்ந்தார்; ஆனாலும் அன்று அவர் தேநீரைக் குடிக்கவில்லை. ‘கூலி’ என்பதும் இந்த வகை. நமக்கு அது வியர்வைக்குக் கிடைக்கும் ஊதியம். தென்னாபிரிக்காவில் இந்தியர் எவரையும் இழிவாகக் குறிக்க அதையே வைத்துக்கொண்டார்கள். 1893இல் அங்கே போன காந்தியைக்கூடக் ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள்.

இவ்வளவும் சொல்லி முடித்த ஒரு மாலையில், மாணவி ஒருத்தி ஆங்கிலச் செய்தித்தாள் ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு நாட்டைப் பற்றிய தலைப்பில் இருந்த ‘பரையா ஸ்ரேற்’ என்பதற்குப் பொருள் கேட்டாள். உலகம் ஒதுக்கிவைத்த நாடு என்று சொல்லிவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போனேன். பின்வரிசையில் இருந்த பையன், “சேர், இது எங்கட தமிழ்ச் சொல்தானே? ஒரு சாதிர பேர்தானே?” என்று கேட்டான். வகுப்பு அமைதியானது. ஆம், தமிழ்நாட்டில் பறையோடு பெயர் தொடர்புடைய ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரை ஐரோப்பியர் எடுத்துக்கொண்டு போய், ஒதுக்கப்பட்டவர் எவருக்கும் பொதுப்பெயராக்கினார்கள். ஆங்கிலத்தில் அது பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே புழங்குகிறது. கூலியும் காப்பிரியும் என் கொப்பியில் இருந்தன. இது இருக்கவில்லை. கட்டுரைகளில் நானே அதைப் பெருமிதத்தோடு எழுதியிருக்கிறேன்.

அந்தத் தலைப்பை, அந்தச் சொல் இல்லாமல் ஆங்கிலத்தில் எழுதி வரும்படி மறுநாளுக்கு வேலை கொடுத்தேன். தனிமைப்படுத்தப்பட்ட நாடு, நண்பர் இல்லாத நாடு என்று பல விதமாக எழுதி வந்தார்கள். பின்வரிசைப் பையன் எழுதியது, ‘எவரும் கதைக்க மறுக்கும் நாடு’ என்று பொருள்படும் ஐந்தாறு சொற்கள். அதைக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு, சோக்குத் தூளைக் காற்சட்டையில் துடைத்தபடி தன் இடத்துக்குப் போனான்.